எட்வின் மாஸ்டரின் தலை இறங்கவில்லை

இந்த நாட்டில் பிழையாக வாசித்தவனுக்கு நன்றி சொல்கிறார்கள். ஊரிலிருந்து இதை வாசிப்பவர்கள் நம்பமாட்டீர்கள், ஆனால் புதன்கிழமை தோறும் என் காதாலேயே கேட்கிறேன். நோர்வேயின் மேற்குக் கரையில், மழை பெய்யாத நாளைப் பத்திரிகையில் செய்தியாகப் போடும் ஒரு சின்ன ஊரில், பள்ளிக்கூட மண்டபத்தில் நாங்கள் முப்பது பேர் ஓர்கெஸ்ட்ராவாகக் கூடி வாசிக்கிறோம். பல் வைத்தியர், பஸ் சாரதி, ஓய்வுபெற்ற பாதிரியார், இரண்டாம் வயலின் வரிசையின் கடைசிக் கதிரையில் நான். எங்களை நடத்துபவள் இங்வில் என்ற பெண். இந்த மொழியில் அவளை டிரிகென்ட் என்பார்கள். போன புதன்கிழமை ஓர் அமைதியான இடத்தில் நான் ஒரு முழு அடி முந்திப் பாய்ந்துவிட்டேன். கதவிடுக்கில் வால் அகப்பட்ட பூனை மாதிரி என் வயலின் தனியாகக் கத்தியது. இங்வில் தாளம் காட்டும் தடியை இறக்கினாள், சிரித்தாள், ஆயிரம் நன்றி, துணிச்சலாக இருந்தது, இனி எல்லோரும் சேர்ந்து இன்னொரு தடவை என்றாள். எனக்கு வியர்த்துவிட்டது. திட்டினால் தாங்குவேன். நன்றி சொன்னால் அடுத்து என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியாது. எங்களுடைய ஊர்ப்பக்கத்தில் மரியாதையாகக் கதைத்தவர்கள்தான் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனவர்கள்.

இங்வில் தலைநகரில் ஆறு வருடம் படித்தவள், பெரிய ஓர்கெஸ்ட்ராவின் முன்னால் நிற்க ஆசைப்பட்டவள். அப்படி நிற்கும் இடங்கள் நாட்டிலேயே விரல்விட்டு எண்ணக்கூடியவை, நிற்பவர்களும் லேசில் இறங்கமாட்டார்கள். ஆகவே குல்தூர்ஸ்கூலெ என்ற நகரசபை இசைப்பள்ளியில் பிள்ளைகளுக்கு வயலின் சொல்லிக்கொடுக்கிறாள். பனியில் கார் ஓட்டி மூன்று பள்ளத்தாக்குகளுக்குப் போய்வருகிறாள். இங்கே வேலையை வீதமாகப் பிரிப்பார்கள். அவள் எண்பது வீதம் ஆசிரியை, இருபது வீதம் டிரிகென்ட். எண்பது வீதத்தில் அடுப்பு எரிகிறது, இருபது வீதத்தில் முகம் மலர்கிறது. இதை அவள் சொன்ன அன்றுதான், இருபது வருடமாக நான் நினைக்காமல் தப்பித்துவந்த எட்வின் மாஸ்டர் வந்து என் பக்கத்தில் குந்தினார்.

திருகோணமலையில் அவருக்கு வீதம் பிரித்துக் கொடுக்க ஒருவரும் இருக்கவில்லை. காலையில் பள்ளிக்கூடத்தில் சங்கீத வகுப்பு, பின்னேரம் வீடு வீடாகப் பியானோப் பாடம், ஞாயிறு பூசைக்குப் பாடகர் குழு, பெரிய இடத்தில் யாராவது செத்தால் செத்தவீட்டுப் பாண்ட். சனி பின்னேரம் நாலு மணிக்கு மட்டும் அவர் அவராக இருந்தார். துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு பழைய கிடங்கின் மேல்மாடியில் பன்னிரண்டு பேர் கொண்ட ஓர்கெஸ்ட்ராவை நடத்தினார். முதலில் அவரிடமும் தடி இருந்தது. ஒருநாள் சென்றியில் சோதனைக்கு நின்றவர்கள் அதைப் பார்த்து, இது என்ன என்று கேட்டார்கள். சொன்னார். நம்பவில்லை. நிலாவெளி பஸ்ஸால் இறக்கி வரிசையில் விட்டிருந்த சனத்தைப் பாடச் சொல்லிவிட்டு, அவரை நடுரோட்டில் நிறுத்தித் தடியாட்டச் சொன்னார்கள். சனம் பாடியது. பாடாமல் என்ன செய்யும்? கருவாட்டுப் பெட்டியோடு நின்ற பெண்களும், தோளில் வலையோடு நின்ற கிழவரும் அவருடைய கையைப் பார்த்துப் பார்த்துப் பாடினார்கள். முடிந்ததும் கைதட்டி, தடியை இரண்டாக முறித்து, இரண்டு துண்டையும் அவரிடமே மரியாதையாகக் கொடுத்தார்கள்.

அதற்குப் பிறகு அவர் தடி தொடவில்லை. பியானோ வாசித்தவர் கனடாவுக்குப் போய்விட்டதால் மாஸ்டரே பியானோவில் இருந்தார். இரண்டு கையும் வேலையில், எங்களை நடத்தத் தலை மட்டும்தான் மிச்சம். நாடி, அதாவது முகவாய், மேலே போகும். அது மூச்சு. நாடி கீழே இறங்கும். அப்போதுதான் சத்தம் வரவேண்டும். பத்துப் பேருக்கு இது விளங்கியது. பதினோராவது ஆள் நான், துறைமுகக் கிடங்கில் கிளார்க், இருபத்துநாலு வயது, பிந்திவிடுவேனோ என்ற பயத்தில் எப்போதும் முந்திவிடுகிறவன். நாடி மேலே போகும்போதே நான் உள்ளே பாய்ந்துவிடுவேன். மாஸ்டர் வாசிப்பை நிறுத்தி, மூக்குக்கண்ணாடியைத் துடைத்தபடி மெதுவாகக் கேட்பார்: "தம்பி, நீர் துறைமுகத்தில தானே வேலை? கப்பல் வர முந்தியே சாமான் இறக்கிறனீரோ?" எனக்கு வயலின் சொல்லித்தந்ததைப் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னதாகவும், பாதர் அதை மன்னிக்க மறுத்துவிட்டதாகவும் எல்லோர் முன்னிலும் சொல்வார். ஒரு கச்சேரியன்று என் வில்லில் சவுக்காரம் பூசி, சத்தமே வராதபடி இரண்டு மணித்தியாலம் வாசிக்க வைத்தார். என் அம்மா முன்வரிசையில் இருந்து கண்கலங்கிப் பெருமைப்பட்டா.

அவரை ஒரு செவ்வாய்க்கிழமை பிடித்துக்கொண்டு போனார்கள். யார் பிடித்தது என்று நான் எழுதப்போவதில்லை. அந்த வருடங்களில் எங்களூருக்குப் பல நிற உடுப்புகள் வந்து போயின. எந்த நிறத்தைச் சொன்னாலும் இன்றைக்கும் யாராவது கோபித்துக்கொண்டு எனக்கு டெலிபோன் எடுப்பார்கள். நாலாம் நாள் விடியச் சுற்றிவளைப்பு. ஆம்பிளைகள் எல்லோரையும் ஒரு மைதானத்துக்குக் கொண்டுபோய் வெயிலில் குந்தவைத்தார்கள். எங்களூர் வீதிகளில் திரியும் மான்கள் மட்டும் அடையாள அட்டை இல்லாமல் மர நிழலில் நின்று எங்களைப் பார்த்தன. பிறகு வரிசையாக எழும்பி, ஒரு கதிரைக்கு முன்னால் ஒவ்வொருவராகப் போய் நிற்கச் சொன்னார்கள். கதிரையில் தலையாட்டி. அந்தக் காலம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: தலை முழுவதையும் மூடிய சாக்கு, அதில் கண்ணுக்கு இரண்டு ஓட்டை. அந்தச் சாக்கு மேலும் கீழும் ஆடினால் உங்களைக் கொண்டுபோவார்கள். இடமும் வலமும் ஆடினால் வீட்டுக்குப் போகலாம். சாக்குக்குள் இருப்பது யார் என்று ஒருவருக்கும் தெரியாது. தெரியக்கூடாது. அவனுடைய உயிருக்கு அது ஒன்றுதான் பாதுகாப்பு.

எனக்கு முன்னால் நின்றவன் உப்புவெளி ஜெயம், எங்கள் கிளாரினெட். அவனுக்கு முன்னால் ஐம்பது அறுபது பேர் போய்விட்டார்கள், எல்லோருக்கும் சாக்கு இடமும் வலமும்தான் ஆடியது. பக்கத்தில் நின்ற அதிகாரி பொறுமையிழந்து கதிரைக் காலைச் சப்பாத்தால் உதைத்துக்கொண்டிருந்தான். நான் பயத்தில் அந்தச் சாக்கையே பார்த்தேன். ஒவ்வொரு முறையும், இல்லை என்று ஆடுவதற்கு முன்னால், நாடி இருக்கும் இடம் ஒரு நூல் மேலே போனது. ஒரு மூச்சு. அதற்குப் பிறகுதான் தலை அசைந்தது. உலகத்தில் வேறு யாரும், 'இல்லை' என்று தலையாட்டுவதற்குத் தாள அளவாக மூச்செடுக்கமாட்டார்கள். எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். எங்கட மாஸ்டர், என்னைக் காட்டிக்கொடுக்கமாட்டார். அடுத்த கணமே, இரண்டு வருடத்தில் எத்தனை தடவை முந்தி வாசித்தேன் என்று உள்ளுக்குள் கணக்குப் பார்க்கத் தொடங்கிவிட்டேன். சிறந்த வாசிப்பாளர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, மோசமானவனைக் கொடுத்துத் தன் உயிரைக் காப்பாற்றிக்கொள்வதுதான் நியாயமான டிரிகென்ட் செய்யும் வேலை என்றுகூட எனக்குப் பட்டது. ஜெயத்துக்கு இடமும் வலமும். அவன் போய்விட்டான். நான் கதிரைக்கு முன்னால் நின்றேன். நாடி மேலே போனது.

நான் முந்திவிட்டேன். ஒரு அடி முன்னால் வைத்து, "மாஸ்டர்" என்றேன்.

மைதானம் முழுக்க அது கேட்டது. சாக்கு மேலே போன இடத்திலேயே நின்றுவிட்டது. இறங்கவுமில்லை, ஆடவுமில்லை. அதிகாரி என்னைப் பார்த்தான், சாக்கைப் பார்த்தான், முதல்தடவையாகச் சிரித்தான். என்னை இழுத்துக்கொண்டு போகும்போது திரும்பிப் பார்த்தேன். அப்போதும் அந்தத் தலை அண்ணாந்தபடியே இருந்தது.

இரண்டு மாதம் வைத்திருந்தார்கள். அடியைப் பற்றி எழுதமாட்டேன். அதில் மட்டும் நான் ஒருதடவையும் முந்தவில்லை. வெளியே வந்தபோது ஜெயம்தான் சொன்னான். மாஸ்டரை அன்று பின்னேரமே விட்டுவிட்டார்களாம். ஞாயிற்றுக்கிழமை வேறு ஆட்கள் வந்தார்களாம், சீருடை போடாதவர்கள். கடற்கரை வீதியில் விளக்குக் கம்பத்தில் கட்டி, கழுத்தில் மட்டையில் எழுதித் தொங்கவிட்டிருந்தார்கள், காட்டிக்கொடுத்தவன் என்று. சாட்சி வேண்டுமென்றால் நான்தான் சாட்சி. அந்த மைதானத்திலிருந்து கொண்டுபோகப்பட்டவன் நான் ஒருவன் மட்டுமே. ஜெயம் பீடியை அணைத்துவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்: "நீ வாயைப் பொத்திக்கொண்டு நிண்டிருந்தா அந்தச் சாக்குக்குள்ள ஆர் எண்டு கடவுளுக்கும் தெரிஞ்சிராது." அவன் அதற்குப் பிறகு என்னோடு கதைக்கவில்லை. அடுத்த வருடம் நான் ஒஸ்லோ விமானநிலையத்தில் கையைத் தூக்கிக்கொண்டு நின்றேன்.

இனி எழுதப்போவதை இவ்வளவு காலமும் என் மனைவிக்குக்கூடச் சொன்னதில்லை. அகதி விசாரணைக்கு முன்னால், முகாமில் என்னோடு அறையில் இருந்த அனுபவசாலி ஒருவன் என் கதையைக் கேட்டுவிட்டுத் தலையில் கைவைத்தான். காட்டிக்கொடுத்தது யார் என்று கேட்பார்கள், ஒருவரும் இல்லை, நானாகத்தான் ஒரு அடி வைத்தேன் என்று சொன்னால் அடுத்த பிளேனில் ஏற்றிவிடுவார்கள் என்றான். ஆகவே கேட்டபோது சொன்னேன்: என்னுடைய சங்கீத ஆசிரியர் எனக்குத் தலையாட்டினார். மொழிபெயர்த்த தமிழர் ஒருகணம் தயங்கி, பிறகு சொன்னார். எதிரே இருந்த பெண் எழுதுவதை நிறுத்தி, எனக்கு ஒரு கிளாஸ் தண்ணீர் ஊற்றித் தந்தாள். அவளுடைய கண் நிறைந்திருந்தது. என் வாழ்க்கையில், அம்மாவைத் தவிர, நான் ஒருவரைக் கலங்கவைத்த ஒரே கச்சேரி அதுதான், சரியான இடத்தில் உள்ளே போன ஒரே தடவையும் அதுதான். ஐந்து மாதத்தில் வதிவிட அனுமதி வந்தது. பிறகு வீடு, பிள்ளைகள், சிவப்புக் கடவுச்சீட்டு. எல்லாம் அந்த ஒரு வசனத்தின் மேல் கட்டியது. செத்தவரை இரண்டாம் தடவை கம்பத்தில் கட்டி, அந்த நிழலில் நான் குடியிருக்கிறேன்.

இடைவேளையில் கோப்பி குடிக்கும்போது இங்வில் ஒருதடவை கேட்டாள், நீ ஏன் என் தடியைப் பார்க்காமல் நாடியைப் பார்க்கிறாய் என்று. என்னுடைய முதல் ஆசிரியர் தலையால்தான் நடத்தினார் என்றேன். எவ்வளவு அழகு என்றாள். இப்போதும் நடத்துகிறாரா என்று கேட்டாள். இல்லை, நிறுத்திவிட்டார் என்றேன். அவர் பென்ஷன் எடுத்துக்கொண்டு நிம்மதியாக இருக்கிறார் என்று விளங்கிக்கொண்டு, கடைசியில் தனக்காக வாசிக்க நேரம் கிடைத்திருக்கும் என்று சந்தோஷப்பட்டாள். நானும் தலையாட்டினேன்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை மத்தியானம் திருகோணமலையிலிருந்து அழைப்பு. ரோஸ்லின், மாஸ்டரின் மகள். அவளும் இப்போது அதே வேலைதான், காலையில் சங்கீத வகுப்பு, பின்னேரம் பள்ளிக்கூடப் பாண்டை நடத்துவது. பள்ளிக்கூடத்தில் புதிதாக ஒரு சங்கீத அறை கட்டியிருக்கிறார்களாம். அதற்கு அப்பாவின் பெயரை வைக்கச் சிலர் கேட்க, காட்டிக்கொடுத்தவனின் பெயரா என்று வேறு சிலர் எழும்பியிருக்கிறார்கள். நான் குரலைச் சரிசெய்து, மாஸ்டருக்கு அறை போதாது, ஒரு கிடங்கே வேண்டும் என்றேன்.

"பகிடி வேண்டாம் அண்ணை. ஒண்டுதான் கேக்கிறன். அப்பா உங்களுக்குத் தலையாட்டினவரோ?"

குசினியில் மனைவி பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது. இந்த வீட்டின் சுவர், தரை, யன்னலுக்கு வெளியே நிற்கும் கார், எல்லாம் ஓம் என்று சொல் என்று என்னைப் பார்த்தன. நான் இல்லை என்றேன். தலை மேலே போனது, இறங்கவில்லை, இறங்கமுதல் நான் அடி எடுத்து வைத்துவிட்டேன் என்றேன். இறங்கியிருக்குமா, இல்லையென்று ஆடியிருக்குமா என்று எனக்குத் தெரியாது, அதைப் பார்க்க நான் பொறுக்கவில்லை என்றும் சொன்னேன்.

"அப்ப, மாஸ்டர் எண்டு கூப்பிட்டது நீங்களோ?"

"ஓம்."

அவள் அழுவாள் என்று நினைத்தேன், ஏசுவாள் என்றும் நினைத்தேன். இரண்டுக்கும் பதில் தயாராக வைத்திருந்தேன். அவள் பாடம் சொல்லிக்கொடுக்கும் குரலில், அவசரமில்லாமல் சொன்னாள்: "அதையும் எழுதித் தாங்கோ. முழுக்க எழுதுங்கோ. நிர்வாகம் உங்கட பாஸ்போட் கொப்பியும் கேக்குது, ஆள் நீங்கள்தான் எண்டு தெரியவேணுமாம்." பிறகு, அப்பா உங்களைப் பற்றி வீட்டில் அடிக்கடி கதைக்கிறவர் என்றாள். என்ன கதைப்பார் என்று நான் கேட்கவில்லை.

எழுதினேன். தமிழில், சுத்தமாக, ஒரு பகிடியும் இல்லாமல். அப்படி எழுதுவது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று இதுவரை வாசித்தவர்களுக்கு விளங்கும். இந்தக் கட்டுரையை நோர்வே மொழியில் பெயர்க்க ஆசைப்படும் நண்பர்கள் தயவுசெய்து கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். நேற்று நூலகத்தில் கடவுச்சீட்டைக் கொப்பி எடுத்தேன். நூலகப் பெண், பயணமா என்று கேட்டாள். இல்லை, கடிதம் என்றேன். இரண்டையும் மடித்து உறையில் வைத்து, முன்பக்கத்தில் ரோஸ்லினின் பெயரையும் பள்ளிக்கூடத்தின் பெயரையும் தமிழில் எழுதினேன். தபால் கவுண்டருக்குப் போனேன், பதிவுத் தபால் என்றால் பின்பக்கத்தில் அனுப்புநர் முகவரி கட்டாயம். பேனையை வைத்துக்கொண்டு கனநேரம் நின்றேன், எனக்குப் பின்னால் வரிசை நீண்டது. உள்ளே இருக்கும் கடிதம் உண்மையென்றால் அந்த முகவரியில் நான் இருக்கமுடியாது. மூச்சை ஒருதரம் மேலே இழுத்து, அது இறங்கும்வரை பொறுத்து, வீதியின் பெயரை இந்த நாட்டு எழுத்தில், வீட்டு இலக்கத்தோடு எழுதினேன்.