அப்பா போட வேண்டிய வெடி

அப்பா மறைந்து ஓராண்டாகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களிலும் நண்பர்களிலும் பாதிப்பேர் அப்பா சுட்ட காட்டுப்பன்றியை ருசி பார்த்தவர்கள். மீதிப்பேர் அவர் குறி தப்பிய கதைகளைச் சொல்லிச் சிரித்தவர்கள். இரண்டு தரப்பாரும் அடக்கத்தன்று கொட்டும் மழையில் மலையேறி வந்தீர்கள். அப்பாவைப் பற்றி எழுது என்று என்னிடம் சொன்னீர்கள். எழுத உட்கார்ந்தால் அவருடைய வேட்டைத் துவக்குத்தான் முதலில் வந்து நிற்கிறது.

அப்பா பிறந்தது கொட்டகலைக்கு மேலே, எங்கள் தேயிலைத் தோட்டத்தின் மேல்கணக்குப் பிரிவில், வரிசை வீடுகளான லயத்தில். சிறு வயதிலேயே தாய் தகப்பனை இழந்தவர். சின்னம்மா வீட்டுக் கஞ்சியைக் குடித்து வளர்ந்து, தோட்டத்தில் பேர் பதிந்து, பல காலம் தேயிலைச் செடிகளுக்குக் கவ்வாத்து வெட்டி, பிறகு காவல்காரர் ஆனார். லயத்து மரக்கறிப் பாத்திகளைப் பன்றிகள் உழுதுவிட்டுப் போன காலம் அது. தோட்டத்து வெள்ளைக்காரத் துரை தன் பழைய துவக்கை அப்பாவின் பொறுப்பில் விட்டிருந்தார். சுதந்திரம் வந்து சில வருடங்களில் சீமைக்குத் திரும்பிப் போனபோது, அதை அப்பாவின் பெயருக்கே மாற்றிக்கொடுத்தார்.

வேட்டைக்குப் போனால் அப்பா ஊருக்குச் சேதி சொல்வது வெடியால்தான். ஒரு வெடி கேட்டால் பன்றி விழுந்துவிட்டது என்று அம்மா அம்மியைக் கழுவுவார். அடுத்தடுத்து இரண்டு கேட்டால் குறி தப்பிவிட்டது; அம்மா பேசாமல் பருப்பை அடுப்பில் ஏற்றுவார். இறைச்சியை லயத்துக்கு முன்னால் வாழையிலை விரித்துக் கூறு போடுவார்கள். வீட்டுக்கு ஒரு கூறு. எல்லோரும் எடுத்த பிறகு மிஞ்சுவதுதான் எங்கள் வீட்டுக்கு. அது பெரும்பாலும் எலும்பாகவே இருக்கும். "சுட்டவனுக்குப் புண்ணியம், மத்தவங்களுக்குக் கறியா?" என்று அம்மா கேட்பார். அப்பா சிரித்துக்கொண்டே எலும்பைக் கடிப்பார்.

எனக்கு மூத்தவர் ஒரே அண்ணன். இலங்கையில் பிரஜாவுரிமை கிடைக்காது என்று ஆனபின், திருச்சிப் பக்கத்திலிருந்த எங்கள் மாமா கூப்பிட, அண்ணன் அங்கே போகப் புறப்பட்டார். அப்பாவுக்கு அதில் துளியும் விருப்பமில்லை. "பொறந்த மண்ண விட்டுட்டு எங்கடா போற?" என்று கேட்டவர், பிறகு பல நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. புறப்படும் அன்று காலையில்தான் மனம் இளகினார்.

"நான் ஸ்டேசனுக்கு வரல தம்பி. என்னால பாக்க முடியாது. ரயிலு நம்ம மலையடி வளைவுல வரும்போது மேல இருந்து ஒரு வெடி போடுறேன். கேட்டுச்சுன்னா, அப்பன் கோவமில்லாம நிக்கிறான்னு வச்சுக்க" என்றார். அண்ணன் தலையை மட்டும் ஆட்டினார்.

அப்பாவோடு மலையுச்சிக்கு நானும் போயிருந்தேன். எங்கள் மலையில் ஈரம் எதையும் விடாது. தோட்டாக்கள் நமத்துப் போகாமலிருக்க அப்பா அவற்றைத் தேயிலைத்தூள் டின்னுக்குள் புதைத்து வைத்திருந்தார். தேத்தூள் ஈரத்தை இழுத்துக்கொள்ளும் என்பது அவர் கணக்கு. அது இழுக்கத்தான் செய்தது. ஆனால் மாதக்கணக்கில் இழுத்த ஈரத்தையெல்லாம் தோட்டாவின் காகித உறைக்கே கொடுத்துவிட்டது. உறை ஊதிப்போய், எத்தனை தள்ளியும் குழலுக்குள் இறங்கவில்லை. ஒன்றை வீசிவிட்டு அடுத்ததை எடுத்தார். அதுவும் அப்படியே. கீழே ரயில் வளைவில் வந்தது. அண்ணன் ஜன்னல் வழியே தலையை நீட்டிக் கையை ஆட்டினார். நான் பார்த்தேன். அப்பா பார்க்கவில்லை, குனிந்து தோட்டாவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

"பாப்பா, ரயிலு போயிருச்சா?"

"போயிருச்சுப்பா."

அதன்பின் துவக்கை நாங்கள் காணவில்லை. தோட்டத்துக்கே திருப்பிக் கொடுத்துவிட்டார் என்றுதான் நினைத்தோம். நடந்ததை நான் அண்ணனுக்கு விவரமாக எழுதினேன். "சாக்குன்னுதான் நெனச்சிருப்பான்" என்று அப்பா ஒரே பேச்சில் முடித்துவிட்டார். இடையில் அம்மாவும் போய்ச் சேர்ந்தார். அப்பா இன்னும் பேச்சு குறைந்தவரானார். சாயங்கால ரயில் கூவும்போது மட்டும் வாசலுக்கு வந்து நின்றுவிட்டு உள்ளே போவார்.

சென்ற வருடத்துக்கு முந்தைய வருடம் லயத்துக் கூரைத் தகரம் மாற்றினார்கள். கூரைக்குக் கீழே அட்டலில் கிடந்த சாமான்களை இறக்கியபோது, கம்பளியில் சுற்றிக் கயிறு போட்டுக் கட்டிய நீளமான பொட்டலம் ஒன்று கிடைத்தது. பிரித்தால் துவக்கு. குழலெல்லாம் துரு, கட்டையைக் கரையான் பாதி தின்றிருந்தது.

"அத எதுக்கு எறக்குன?" என்று அப்பா சத்தம் போட்டார். மறுநாள் காலையில் பார்த்தால் அவரே வாசலில் உட்கார்ந்து மண்ணெண்ணெய் ஊற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். அம்மாவின் பழைய சேலையைக் கிழித்துக் கொடுத்தேன். அதைக் கம்பியில் சுற்றிக் குழலுக்குள் விட்டு இழுத்தார். பழைய கவ்வாத்துக் கத்தியால் கொய்யா மரத்தைச் செதுக்கிப் புதுக்கட்டை செய்தார். துவக்கின் குதிரை மட்டும் அசையவில்லை. கினிகத்தேனையில் பாஸ் என்று எல்லோரும் கூப்பிடும் சிங்கள இரும்பு மேஸ்திரி ஒருவரிடம் எடுத்துப் போனோம். அவர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது சுடுறதுக்கா, சொவருல மாட்டுறதுக்கா?" என்று கேட்டார்.

"ஒரே ஒரு வெடி போட்டாப் போதுங்க" என்றார் அப்பா.

அண்ணன் பொங்கலுக்கு வருவதாக எழுதியிருந்தார். இந்த முறை தோட்டாக்களைத் தேத்தூளில் வைக்கவில்லை. டின்னில் போட்டு அடுப்புக்கு நேர் மேலே உயரத்தில் தொங்கவிட்டார். என்றைக்கு வெடிக்குமோ என்று பயந்து பயந்துதான் நான் சோறு வடித்தேன். பொங்கல் வந்தது. அண்ணனுக்கு விசா வரவில்லை. அப்பா நெஞ்சுச் சளி கட்டிப் படுத்தார்; ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போய் வந்தும் தேறவில்லை. மாசியில் ஒரு நாள் மதியம் என்னைக் கூப்பிட்டு, "பாப்பா, தோட்டா காஞ்சிருக்கா?" என்று கேட்டார். "காஞ்சிருக்குப்பா" என்றேன். பொழுது சாயுமுன் கண்ணை மூடிவிட்டார். அண்ணனால் கடைசி மண் போடவும் வர முடியவில்லை.

அப்பாவை ஆஸ்பத்திரிக்குச் சுமந்த லயத்துப் பிள்ளைகளுக்கும், அடக்கத்தன்று வீடு தவறாமல் எங்களுக்குச் சோறு கொண்டுவந்த தாய்மார்களுக்கும், துவக்கு லைசென்ஸுக்காக அரசாங்க அலுவலகமான கச்சேரிக்கு அலைந்து, பிறகு அதை என் வீட்டுக்காரர் பெயருக்கு மாற்றித் தந்த தோட்டத்துக் கணக்கப்பிள்ளை ஐயாவுக்கும், கூலி வாங்க மறுத்த கினிகத்தேனை பாஸுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடன்பட்டிருக்கிறது. திவசத்தன்று சாப்பிடாமல் யாரும் போகக்கூடாது. அப்பா பழக்கியபடி, வந்தவர்கள் எல்லோரும் எழுந்த பிறகுதான் நாங்கள் உட்காருவோம்.

இத்துடன் முடித்து அச்சகத்துக்குக் கொடுத்திருக்கலாம். அண்ணனுக்கு விசா கிடைத்துவிட்டது, திவசத்துக்கு வருகிறார் என்று தந்தி வந்ததால் காத்திருந்தேன். நேற்று வந்துவிட்டார். ரயில் வளைவுக்கு வந்தபோது மலையுச்சியிலிருந்து ஒரு வெடி போடப்பட்டது. போட்டது யார் என்று மலரில் எழுத வேண்டாம் என்று கணக்கப்பிள்ளை ஐயா சொல்லியிருக்கிறார். ஆகவே எழுதவில்லை. என் வலது தோள் மட்டும் இன்னும் வலிக்கிறது.

அண்ணன் வீட்டுக்குள் வந்து, பெட்டியைக்கூட இறக்காமல் சொன்னார்: "அன்னைக்கு மாதிரியே தலைய வெளிய நீட்டிக்கிட்டு வந்தேன் பாப்பா. வெடி கேட்டுச்சு. பக்கத்துல இருந்தவரு, யாரோ பன்றி சுடுறாங்கன்னாரு. 'இல்லீங்க, அது எங்கப்பா, நான் வர்றேன்னு மேல வந்து நிக்கிறாரு'ன்னு சொன்னேன்."

பிறகுதான் பெட்டியைக் கீழே வைத்தார்.

"சொல்லி முடிச்ச பெறகுதான் பாப்பா, எனக்கு நெனப்பு வந்துச்சு."