ஏழாம் மாடியில் ஒரு கூட்டம்

போன டிசம்பரில் எங்கள் கட்டடத்து லிஃப்ட் நின்றுபோனது. ஒரு நாள், இரண்டு நாள் அல்ல... மூன்று வாரம்!

ஒஸ்லோவின் ரொம்சோஸில் ஏழு மாடிக் கட்டடம். நான் இரண்டாம் மாடி; எனக்கென்ன கவலை? ஏழாம் மாடியில்தான் ராணி இருக்கிறார். சக்கர நாற்காலியில் நடமாடுபவர். சனிக்கிழமைகளில் தமிழ்ப் பள்ளியில் பாடம் எடுப்பவர். மூன்று வாரமாக வீட்டுக்குள்ளேயே அடைபட்டுக் கிடந்தார்.

நான் சும்மா இருப்பேனா? பாலும் பாண் ரொட்டியும் வாங்கிக்கொண்டு ஏழு மாடியும் ஏறினேன். இறங்கும்போது நெஞ்சு சற்று நிமிர்ந்தே இருக்கும் — எவ்வளவு நல்லவன் நான்!

அந்த நெஞ்சைத் தாழ்த்தியவர் நாலாம் மாடி மிரியம். ஓய்வுபெற்ற ஆசிரியை, பக்தியுள்ள யூதர். படியில் என்னை நிறுத்தி நோர்வேஜிய மொழியில் கேட்டார்:

"ராணிக்குத் தேவை பாலா, லிஃப்டா?"

பால் பையைக் கீழே வைத்தேன்.

இல்லாதவருக்குக் கொடுப்பதை யூதர்கள் 'ஸெடாக்கா' என்கிறார்களாம். எபிரேய மொழியில் நீதி என்ற சொல்லும் அதே வேரில் பிறந்ததாம். "கொடுப்பது என் பெருந்தன்மை அல்ல. அவளுக்குச் சேரவேண்டியது அவளிடம் சேரவேண்டும். அதைச் செய்யாமல் நான் எப்படிப் பிரார்த்தனை செய்வது?" என்றார்.

வெள்ளிக்கிழமை மதியமே நிர்வாகக் குழுவுக்கு ஒரு கடிதம் எழுதி, கையெழுத்து வாங்கக் கிளம்பினோம்.

ஐந்தாம் மாடியில் சென்னைக்காரர் கார்த்திக். "லிஃப்டைப் பற்றிக் கதைக்க வந்தனாங்கள்" என்றேன்; எங்கள் ஈழத்துப் பேச்சில் கதைப்பது என்றால் பேசுவது.

"கதையா? உள்ள வாங்க சார், காபி குடிச்சிட்டே சொல்லுங்க!"

காபிக்கு ஏது நேரம்? டிசம்பரில் மூன்று மணி தாண்டியதும் சூரியன் போய்விடும். அதோடு மிரியத்துக்கு யூதர்களின் ஓய்வுநாள் தொடக்கம், சனி மாலைவரை பேனாவைத் தொடமாட்டார்.

ஆறாம் மாடியில் மிரியம் ஜன்னலைப் பார்த்தார். கடிதத்தை என் கையில் வைத்தார். "மெழுகுதிரி ஏற்ற வேண்டும். ஓய்வுநாளில் எனக்காக இதைச் செய் என்று உன்னிடம் கேட்கவும் எங்கள் முறையில் கூடாது" என்று சிரித்துவிட்டு இறங்கி ஓடினார்.

கேட்கவேண்டுமா என்ன? மிச்சக் கதவுகளை நான் தட்டினேன்.

திங்கட்கிழமை நிர்வாகக் குழுத் தலைவர் கடிதத்தைப் படித்தார். "உதிரிப்பாகம் ஜனவரியில்தான் வரும்" என்றார்.

"சரி. அதுவரை கூட்டங்களை ராணி வீட்டில் வைப்போம். அவரும் இந்தக் கட்டடத்தின் உறுப்பினர்தானே?" என்றார் மிரியம்.

மறுக்க முடியுமா? புதன்கிழமை குழு முழுவதும் மூச்சிரைக்க ஏறி வந்தது. தலைவர் கதிரையில் விழுந்தார். ராணி எல்லோருக்கும் தேநீர் கொடுத்துவிட்டு அமைதியாகச் சொன்னார் — "நீங்கள் ஏறிட்டீங்கள். நான் இறங்கிப் பத்தொன்பது நாள்."

தலைவர் அங்கிருந்தபடியே வேறொரு லிஃப்ட் நிறுவனத்துக்குத் தொலைபேசி எடுத்தார். வெள்ளிக்கிழமை லிஃப்ட் ஓடியது!

சனிக்கிழமை காலை ராணியோடு நான் லிஃப்டில் இறங்கினேன். ஓய்வுநாளில் பொத்தானை அழுத்தாத மிரியம், படியிறங்கி வந்து வாசலில் காத்திருந்தார்.

வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது.

"கொஞ்சம் நில்லுங்கோ அண்ணை" என்ற ராணி, தொப்பியைக் கழற்றிவிட்டு முகத்தை நிமிர்த்தினார். கண்ணிமையில், மூக்கில், நெற்றியில் பனி. மிரியம் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

இத்தனை வருட ஒஸ்லோ வாழ்க்கையில், பனியைத் திட்டாத ஒரு தமிழரை அன்றுதான் பார்த்தேன்!