பதிமூணு டிகிரி மாப்பிள்ளை

என் தங்கையின் கணவரை ஹோட்டலில் யாரும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. "பதிமூணு சாப்பிட்டாச்சா?", "பதிமூணு இன்னிக்கு லீவா?" என்றுதான் கேட்பார்கள். கீழ்த்தளத்து ஒயின் அறைக்கு அவர் பொறுப்பு. அங்கே மாட்டியிருக்கும் தெர்மாமீட்டர் எப்போதும் பதிமூன்று டிகிரியில் நிற்க வேண்டும். பதினான்கைத் தொட்டுவிட்டால் மனிதருக்குச் சோறு இறங்காது. வெயில் மண்டையைப் பிளக்கும் நாளிலும் ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்புகிற ஒரே ஆள் எங்கள் தெருவில் அவர்தான். "எனக்கு ஒரு ஃபேன் வாங்கித் தர ஆறு மாசம் யோசிப்பார். பாட்டிலுக்கு வேர்த்தா மட்டும் ஓடுவார்" என்று என் தங்கை தலையில் அடித்துக்கொள்வாள்.

நான் அதே ஹோட்டலில் லிஃப்ட் மெக்கானிக். எனக்கு வாய் நீளம், கோபம் மூக்குக்கு மேலே. அவருக்கோ கோபமே வராது. ஒரு தடவையாவது கத்தினால் பதிலுக்கு நாலு வார்த்தை பேசலாமே என்று இருபது வருஷமாகக் காத்திருக்கிறேன். ஒன்றும் நடக்கவில்லை.

அந்த அறையைப் பற்றிச் சொல்ல வேண்டும். முப்பத்திரண்டு படி இறங்கினால் கனத்த மரக்கதவு. உள்ளே ஒரே ஒரு மங்கலான பல்பு. அதையும் வேலை முடிந்தால் அணைத்துவிடுவார். சிவப்பு ஒயினுக்கு வெளிச்சம் ஆகாதாம். பாட்டில்கள் எல்லாம் அடுக்கில் படுத்தே கிடக்கும். நிற்க வைத்தால் தக்கை காய்ந்து சுருங்கும், இடுக்கில் காற்று நுழையும், உள்ளே இருப்பது கெட்டுவிடும். காற்றில் ஈரம் வேண்டும் என்று மூலைக்கு மூலை தட்டில் மணல் பரப்பித் தண்ணீர் தெளித்து வைத்திருப்பார். வாடை ஏறிவிடும் என்று பெயின்ட் டப்பா, வெங்காய மூட்டை எதையும் வாசற்படி தாண்ட விடமாட்டார். இத்தனை பண்ணுகிற மனிதர் ஒரு சொட்டுக் குடித்ததில்லை. வயிறு ஒத்துக்கொள்ளாது. தக்கையை மோந்து பார்ப்பதோடு சரி.

அவர் வாயிலிருந்து அதிகம் வருகிற வார்த்தை "கதவைச் சாத்துங்க." நான் போனால் வேண்டுமென்றே காலால் ஒரு தள்ளு தள்ளிவிட்டு வருவேன். அரைக் கதவு திறந்தே கிடக்கும். பின்னாலேயே வந்து சாத்துவார். ஒரு நாளும் அதற்காகக் கடிந்துகொண்டதில்லை.

எங்களுக்குள் ஒரே வழக்கு என் மோட்டார்தான். லிஃப்ட் மோட்டார் இருப்பது அவர் அறைக்கு அடுத்த அறையில். நடுவில் ஒரு சுவர்.

"மச்சான், மோட்டார் ஓடுறப்ப பாட்டில் நடுங்குது. அடியில படிஞ்ச மண்டி கலங்கும். மோட்டாருக்குக் கீழ ரப்பர் கட்டை வெச்சுக் கொடுங்களேன்."

"நடுங்குதுன்னா போர்வை போத்தி விடுங்க மாப்பிள்ளை."

இப்படியே இருபது வருஷம். அவர் கேட்பதும் நான் கிண்டல் செய்வதும் காலண்டர் கிழிப்பது மாதிரி நடந்துகொண்டிருந்தது.

அப்போதுதான் புது மேனேஜர் வந்தார். சின்ன வயசு, சுறுசுறுப்பு. வந்த வேகத்தில் முன்கூடத்து ஜன்னல் ஓரம் ஒரு கண்ணாடி அலமாரி வைத்து, உள்ளே விளக்குப் போட்டு, கீழேயிருந்து ஆறு பாட்டிலை எடுத்துப்போய் வரிசையாக நிற்க வைத்தார். அவை சாதாரண பாட்டில்கள் அல்ல. ஹோட்டல் திறந்த வருஷம் முதலாளி அறுபது பாட்டில் ஒரே ஒயின் வாங்கி வைத்தார். வருஷத்துக்கு ஒன்று, திறந்த நாளன்று, அவரும் முதலாளியம்மாவும் குடிப்பார்கள். அவர் போய்ச் சேர்ந்த பிறகு அம்மா மட்டும் குடிக்கிறார்கள்.

"ஜன்னல் வெயில் நேரா விழுது சார்" என்றார் மாப்பிள்ளை.

"அழகா இருக்கில்ல?" என்றார் மேனேஜர்.

அதோடு விட்டாரா? ஒரு வருஷம் கழித்து அம்மாவிடம் போய், கீழ்த்தள அறையை உடற்பயிற்சிக் கூடம் ஆக்கலாம், பாட்டில் எங்கே இருந்தாலும் பாட்டில்தான் என்றார். ரூம்கள் சரியாக நிரம்பாத காலம். அம்மா யோசித்து ஒரு முடிவு சொன்னார்கள்.

"இந்த வருஷம் மேல இருந்ததுல ஒண்ணு, கீழ இருந்ததுல ஒண்ணு, ரெண்டும் ஊத்துங்க. எது எதுன்னு எனக்குச் சொல்ல வேண்டாம். கீழ இருந்ததுதான் ஒசத்தின்னு எனக்குத் தெரியலேன்னா ரூம் மேனேஜருக்கு."

ரூம் போனால் மாப்பிள்ளைக்கு வாசலில் கார்களுக்கு டோக்கன் கொடுக்கிற வேலை. முட்டிவலிக்காரர், நாள் முழுக்க வெயிலில் நிற்க வேண்டும். என் தங்கை இரண்டு நாள் அழுதாள். ஆனால் அவர் வழக்கம்போல இருந்தார். மண்டி அடியில் இறங்கட்டும் என்று கீழ்ப் பாட்டில் ஒன்றை இரண்டு நாள் முன்பே மேஜைமேல் நிமிர்த்தி வைத்தார்.

அந்த நாள் வந்தது. மேலே கண்ணாடி கிளாஸ்களைத் துடைத்துக்கொண்டிருந்தவர் என்னைக் கூப்பிட்டார். "மச்சான், ஒரு உதவி. கீழ கதவு சாத்தியிருக்கான்னு பாத்துட்டு வாங்க. நான் மூணு தடவை பாத்துட்டேன், மனசு கேக்கல." சாவியையும் கொடுத்தார்.

போனேன். கதவு சாத்தித்தான் இருந்தது. உள்ளே எட்டிப் பார்த்தால் மேஜைமேல் அந்தப் பாட்டில். பாவம், இந்த முட்டியோடு மறுபடி முப்பத்திரண்டு படி இறங்கி ஏறுவானேன், நாமே கொண்டுபோய்க் கொடுப்போம் என்று தோன்றியது. வாழ்நாளில் முதல்முறையாக எனக்கு ஒரு நல்ல எண்ணம் வந்தது, அதுவும் அந்த நேரம் பார்த்து. கைக்குழந்தையைத் தூக்குவது மாதிரி பாட்டிலைத் தோளில் சாய்த்துக்கொண்டு லிஃப்டில் ஏறினேன்.

மேலே, மாப்பிள்ளை திரும்பிப் பார்ப்பதற்குள் மேனேஜர் என் கையிலிருந்து பாட்டிலை வாங்கி, இரண்டு கிளாஸிலும் ஊற்றி அம்மா முன்னால் வைத்தார். ஒன்று ஆறிப்போன டீ நிறத்தில் இருந்தது. இன்னொன்று மழைக்காலத்து வாய்க்கால் தண்ணீர்தான். அம்மா கலங்கலை ஒரு வாய் குடித்து, நாக்கில் ஏதோ நறநறத்ததுபோல முகம் சுளித்துக் கைக்குட்டையை எடுத்தார்கள். மேனேஜர் சிரித்தார்.

மாப்பிள்ளை கிளாஸைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"எப்படிக் கொண்டுவந்தீங்க மச்சான்?"

"லிஃப்ட்லதான்."

"நிமித்தியா?"

"தோள்ல சாச்சு."

"ஆட்டினீங்களா?"

"ஆட்டல மாப்பிள்ளை. லேசாத் தட்டிக் கொடுத்தேன்."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். அப்போதும் கத்தவில்லை. ஓங்கி ஒன்று வைத்திருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்தது என்பார்களே, அந்தக் குரங்கு நான்தான் என்று அந்தக் கூடத்தில் எல்லோருக்கும் தெரிந்தது.

"அம்மா, தப்பு என்னுது" என்றேன். "ரெண்டு நாளா அசையாம வெச்சிருந்ததை நான் தூக்கிக் கலக்கிட்டேன். இதை வெச்சு அவரை எடை போடாதீங்க."

மாப்பிள்ளை மெதுவாகச் சொன்னார்: "இன்னொரு பாட்டிலை இப்பவே நிமித்தி வெச்சிடறேன்மா. நாளைக்குச் சாயங்காலம் ஆறு மணி வரைக்கும் டைம் கொடுங்க. இருபத்தாறு வருஷம் காத்திருந்த ஒயின், ஒரு நாள் கூடக் காத்திருக்கும்."

அம்மா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சரி என்றார்கள்.

நான் நேராக மோட்டார் அறைக்குப் போய் மெயினை அணைத்தேன். முன்கூடத்தில் 'லிஃப்ட் பழுது' என்று பலகை மாட்டினேன். மேனேஜர் அறை ஐந்தாவது மாடியில். மூச்சு வாங்கிக்கொண்டே போன் பண்ணினார்.

"எப்ப சரியாகும்?"

"பெரிய கோளாறு சார். நாளைக்குச் சாயங்காலம் ஆறு மணிக்குத்தான் சரியாகும்."

"மணி வரைக்கும் எப்படிச் சொல்றீங்க?"

"அனுபவம் சார்."

விருந்தாளிகள் என்ன பாவம் செய்தார்கள்? அவர்கள் பெட்டிகளையெல்லாம் நானே சுமந்து ஏற்றினேன். மூன்றாவது மாடிக்கு வந்த ஒரு அம்மாள் ஆறு பெட்டி கொண்டுவந்திருந்தார். அதில் ஒன்றில் கல்லைத்தான் வைத்திருந்திருப்பார். முதலாளியம்மா படியேறும்போது பலகையைப் பார்த்தார்கள், பெட்டியோடு நின்ற என்னைப் பார்த்தார்கள், சிரித்துக்கொண்டே போனார்கள்.

மறுநாள் மாப்பிள்ளை பாட்டிலைத் தானே கொண்டுவந்தார். ஒரு படிக்கு ஒரு மூச்சு. பின்னால் நான் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு போனேன். மேலே, பாட்டில் கழுத்துக்குப் பின்னால் ஒரு சின்ன விளக்கை வைத்து, வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டே நூல் பிடித்தாற்போல் ஊற்றினார். கறுப்பாக மண்டியின் நுனி கழுத்துக்கு வந்ததும் நிறுத்தினார். கிளாஸில் இருந்தது அவ்வளவு தெளிவு. மேல் அலமாரியிலிருந்து இன்னொரு பாட்டிலையும் திறந்து அதே மாதிரி ஊற்றினார். அம்மாவுக்குத் தெரியாமல் கிளாஸ்களை இடம் மாற்றியது மேனேஜர்தான்.

அம்மா முதல் கிளாஸைக் குடித்துவிட்டுக் கீழே வைத்தார்கள். இரண்டாவதைக் குடித்தார்கள். அதைக் கீழே வைக்கவில்லை.

"இது கீழ இருந்தது" என்றார்கள். இன்னொரு வாய் குடித்துவிட்டு, "அவர் இருந்திருந்தா இன்னிக்கு ரெண்டாவது கிளாஸ் கேட்டிருப்பார்" என்றார்கள். கண் நிறைந்திருந்தது.

மேனேஜரும் இரண்டையும் ருசி பார்த்தார். கெட்டிக்காரப் பையன், பொய் சொல்லவில்லை. "மேல இருந்தது காடி மாதிரி இருக்கு மேடம்" என்று ஒப்புக்கொண்டார். அலமாரியில் மிச்சம் இருந்ததைத் திரும்பக் கீழே கொண்டுபோகலாமா என்று கேட்டதற்கு, "வெந்தது வெந்ததுதான் சார்" என்றார் மாப்பிள்ளை. இப்போது அந்த அலமாரியில் பிளாஸ்டிக் பூ இருக்கிறது. அறை மாப்பிள்ளையிடமே இருக்கிறது.

அந்த வாரமே மோட்டாரைத் தூக்கி, அடியில் நான்கு ரப்பர் கட்டைகள் வைத்தேன். அரை நாள் வேலை. இருபது வருஷமாக அவர் என்னிடம் கேட்டது இந்த அரை நாளைத்தான்.

வேலை முடிந்ததும் ஒயின் அறைக்குப் போனேன். அவர் சுவரில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றார். வெகுநேரம் நின்றார்.

"லிஃப்ட் நிக்குதா மச்சான்?"

"ஓடுது மாப்பிள்ளை. அஞ்சாவது மாடிக்குப் போய்க்கிட்டிருக்கு."

கையை எடுக்காமலே என் பக்கம் திரும்பினார். மன்னிப்புக் கேட்கத்தான் வந்தேன். இத்தனை நீளமான வாயில் வந்தது "ரப்பர் கட்டை வெச்சாச்சு" மட்டும்தான். அவர் ஸ்வெட்டர் கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, பல்பை அணைத்துவிட்டு, "வாங்க மச்சான், டீ குடிக்கலாம்" என்று முன்னால் படியேறினார்.

நான் பின்னால் நின்று, கதவைச் சத்தமில்லாமல் முழுசாகச் சாத்தினேன்.