பாக்கியம் டீச்சரின் காது மிசின்

"அத்தை, அம்மா இன்னைக்குக் காலையில போயிட்டாக. குளிப்பாட்டிச் சேலை உடுத்தியாச்சு. காது மிசினைக் கழட்டிருவோமா, அப்படியே இருக்கட்டுமான்னு எல்லாரும் கேக்குறாக. நீங்கதான் சொல்லணும்."

பாக்கியம் டீச்சரின் மகள் ஜெனிதா எனக்குச் செய்தியைச் சொன்ன விதம் இது. "கழட்டாதம்மா. நாலு பேருக்குத் தெரியிற மாதிரி காதுலயே இருக்கட்டும்" என்றேன். போனை வைத்த பிறகுதான் அழுகை வந்தது. அந்தப் பதிலை அவ்வளவு அதிகாரமாகச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை? அந்த மிசினை அவர் வாங்கக் கூடாது என்று மல்லுக்கு நின்றவளே நான்தான். டீச்சரைத் தெரிந்த உங்கள் எல்லோர் முன்னாலும் இதை முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

எம்.ரெட்டியபட்டி தாண்டி ஒரு கிராமத்தில், அரசு உதவி பெறும் தொடக்கப் பள்ளி ஒன்றில் இருவரும் வேலை பார்த்தோம். எனக்கு மூன்றாம் வகுப்பு, அவருக்கு நான்காம் வகுப்பு. ஒரே நீளக் கூடம். நடுவில் ஒரு மூங்கில் தட்டி மட்டும் மறைப்பு. அருப்புக்கோட்டையிலிருந்து காலை பஸ்ஸில் சேர்ந்து போவோம், மாலையில் சேர்ந்து திரும்புவோம். என்னைவிட ஆறு வயது மூத்தவர். நான் அவரை டீச்சர் என்பேன், அவர் என்னைச் சரசு என்பார்.

சாமான் வாங்குவதில் அவருக்கென்று ஒரு கொள்கை இருந்தது. எண்பதுகளின் நடுவில் பிளாஸ்டிக் குடங்கள் எங்கள் பக்கம் வந்தபோது, தெருவிலேயே முதலில் வாங்கியவர் அவர்தான். நல்ல தண்ணீர்க் குழாய் மூன்று தெரு தள்ளி இருந்தது. பித்தளைக் குடத்தைச் சுமப்பதா, தண்ணீரைச் சுமப்பதா என்று ஒரு நாள் யோசித்திருக்கிறார். மறுநாளே இரண்டு பச்சைக் குடங்களோடு வந்துவிட்டார். "சீராக் கொண்டாந்த குடத்த மூலையில போட்டுட்டு இதத் தூக்கிட்டுத் திரியிறியே, சொந்தக்காரவுக பாத்தா என்ன நெனைப்பாக?" என்று அவர் கணவர் தேவசகாயம் அண்ணன் குதித்தார். பத்தே நாளில் அதே குடங்களை அண்ணன் தன் சைக்கிளின் இரண்டு பக்கமும் கட்டிக்கொண்டு தண்ணீருக்குப் போனதை நான் கண்ணால் பார்த்தேன். அடுத்த வருடம் பிரஷர் குக்கர் வந்தது. கருவேல விறகை ஊதி ஊதிச் சிவந்த கண்ணோடு பஸ் ஏறுகிறவர், அதன் பிறகு தலையில் பூவும் முகத்தில் பவுடருமாக வந்து நின்றார். "பீரோவுல வச்சுப் பூட்டுற சாமானுக்குச் சம்பளத்தக் குடுக்காத சரசு. தினம் கை படுற சாமானுக்குக் குடு" என்பார்.

அப்படிப்பட்டவர், காது மந்தமாகிப்போன பிறகும், தன் காதுக்கு மட்டும் நாலு வருடம் ஒன்றும் செய்யவில்லை. குடமும் குக்கரும் வீட்டுச் சாமான்கள். காதில் மாட்டுகிற சாமான் ஊருக்கு ஒரு சேதியைச் சொல்லிவிடும். செவிட்டு டீச்சர் என்ற பெயர் விழுந்துவிட்டால் அப்புறம் எழவே முடியாது என்று அவரும் பயந்தார், நானும் பயந்தேன்.

ஆகவே நாங்கள் இருவரும் ஒரு கள்ளத்தனம் செய்தோம். தலைமையாசிரியர் அவரைக் கூப்பிட்டால், நான் தட்டிக்கு அடியில் ஒரு சாக்குக்கட்டியை உருட்டிவிடுவேன். பெற்றோர் யாராவது பின்னாலிருந்து பேசினால் எங்கள் பக்கத்துப் பெஞ்சைக் காலால் தட்டுவேன். தரை அதிர்ந்தால் திரும்பிப் பார்ப்பார். முகத்துக்கு முகம் என்றால் உதட்டைப் பார்த்தே பேச்சைப் பிடித்துவிடுவார். எங்களைவிடக் கெட்டிக்காரர்கள் பிள்ளைகள். டீச்சர் கரும்பலகைப் பக்கம் திரும்பினால் போதும், ஏழாம் வாய்ப்பாட்டை "ஓரேழு சோறு, ஈரேழு சாறு, மூவேழு மோரு" என்று ராகம் பிசகாமல் பாடுவார்கள். தட்டிக்கு இந்தப் பக்கம் என் வகுப்பு வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கும். எனக்கு நெஞ்சு எரியும்.

தாளாளர் காதுக்கு இது போகாமல் இருக்குமா? அவருக்கு வேண்டிய ஒருவர் வேலைக்குக் காத்துக்கொண்டிருந்தார் என்பது ஊரறிந்த விஷயம். "காது மந்தமான அம்மாவ வச்சுக்கிட்டு பிள்ளைகளுக்கு என்ன சொல்லிக்குடுக்கிறது? எழுதிக் குடுத்துட்டு வீட்டுல இருக்கச் சொல்லுங்க" என்று தலைமையாசிரியரிடம் சொல்லிவிட்டார். தேவசகாயம் அண்ணனுக்கு இருந்தது மானாவாரி நிலம். பருத்தி விளைந்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை. ஜெனிதா பத்தாவது படித்துக்கொண்டிருந்தாள். டீச்சரின் வேலை போனால் அந்த வீடு என்ன ஆகும் என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

"மதுரையில காதுக்கு மிசின் விக்கிறாகளாம். வாங்கிரப் போறேன்" என்றார் ஒருநாள் பஸ்ஸில்.

"வேண்டாம் டீச்சர். காது கேக்கலைன்னு நீங்களே எழுதி ஒட்டிக்கிட்ட மாதிரி ஆயிரும். நான்தான் தட்டிக் காட்டுறேன்ல?" என்றேன்.

"நீ வேற பள்ளிக்கூடத்துக்குப் போயிட்டா? ஒன் காலையும் கையோட கூட்டிட்டுப் போயிருவியேம்மா" என்று சிரித்தார்.

கிறிஸ்துமஸுக்குத் தருகிற முன்பணத்தை வாங்கிக்கொண்டு, தனக்குச் சேலை எடுக்காமல், விடுமுறையில் மதுரைக்குப் போய்ச் சோதித்துப் பார்த்து வாங்கி வந்தார். இன்றைய மிசின் காதுக்குப் பின்னால் விரல் நுனி அளவில் ஒட்டிக்கொள்கிறது. அன்றையது தீப்பெட்டியைவிடப் பெரியது. உள்ளே பேனா செல் பேட்டரி போட வேண்டும். பெட்டியிலிருந்து ஒரு ஒயர் காது வரைக்கும் போகும். பெட்டியை ரவிக்கைக்குள் செருகி, ஒயரைக் கனகாம்பரச் சரத்துக்குள் மறைத்து, சேலைத் தலைப்பைத் தோளோடு போர்த்திக்கொண்டு ஜனவரியில் பஸ் ஏறினார். ஏறிய வேகத்தில் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டார்.

"ஏ சரசு, இம்புட்டுச் சத்தத்துலயா இத்தனை வருஷம் நீங்கள்லாம் இருந்தீக?"

அன்று காலை நான்காம் வகுப்பு வழக்கம்போல ஏழாம் வாய்ப்பாடு சொன்னது. டீச்சர் கரும்பலகையில் தேதி எழுதிக்கொண்டிருந்தார். சோறு, சாறு, மோரு வரைக்கும் வந்தது. திரும்பாமலே கேட்டார்: "நாலேழு என்னடா, ஊறுகாயா?" பிள்ளைகள் மெதுவாக, பயபக்தியோடு "நாலேழு இருபத்தெட்டு" என்று ஆரம்பித்தார்கள். நான் தட்டிக்குப் பின்னால் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

ஒயரை எத்தனை நாள் பூவுக்குள் மறைக்க முடியும்? முதலில் பார்த்தவர் பஸ் கண்டக்டர். அப்போது கிரிக்கெட் நடந்துகொண்டிருந்தது. "என்ன டீச்சர், ரேடியோவா? ஸ்கோர் எம்புட்டு?" என்றார். செவிடு என்பதைவிட ரேடியோ கேட்கிறவள் என்பது கௌரவமாகப் பட்டிருக்க வேண்டும். "மூணு பேரு அவுட்டுப்பா" என்று இவர் அடித்துவிட்டார். கிரிக்கெட்டைப் பற்றி டீச்சருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். மறுநாளிலிருந்து டீக்கடைக்காரர் முதல் ஆடு மேய்ப்பவர் வரை எல்லோரும் ஸ்கோர் கேட்க ஆரம்பித்தார்கள். இவரும் சளைக்காமல் ஆட்களை அவுட்டாக்கிக்கொண்டே இருந்தார். நாங்கள் இருவரும் பஸ்ஸில் குனிந்து குனிந்து சிரித்தோம்.

அந்தச் சிரிப்புக்கு வினை வந்தது. வகுப்பு நேரத்தில் ரேடியோ கேட்கிறார் என்று யாரோ எழுதிப் போட, கல்வி அலுவலர் விசாரணைக்கு வருவதாகத் தகவல் வந்தது. ரேடியோ என்றால் ஒழுங்கு நடவடிக்கை. இல்லை, காது மிசின் என்றால், தாளாளர் காத்துக்கொண்டிருந்த வாக்குமூலத்தை அவர் கையிலேயே கொடுத்த மாதிரி. எப்படிப் பார்த்தாலும் மாட்டிக்கொண்டார்.

"அன்னைக்கு ஒரு நாள் கழட்டி வச்சிருங்க. நான் பெஞ்சத் தட்டுறேன்" என்றேன். எனக்கு அதற்கு மேல் புத்தி போகவில்லை.

"தட்டுனா யாரோ கூப்பிடுறாகன்னுதான் தெரியும். என்ன சொல்றாகன்னு தெரியுமா? நானே சொல்லிருறேன்" என்றார். பொங்கிச் சண்டை போட்டேன். இரண்டு நாள் பஸ்ஸில் தள்ளி உட்கார்ந்தேன். அதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

அலுவலர் வந்தார். கூடவே தாளாளரும் வந்தார். "டீச்சர், வகுப்புல ரேடியோ கேக்குறதாப் புகார் வந்திருக்கே?" என்று அலுவலர் ஆரம்பிப்பதற்குள், டீச்சர் பெட்டியை வெளியே எடுத்துவிட்டார். சேலையைத் தோளில் குத்தியிருந்த இடத்தில், பதக்கம் மாட்டுவது மாதிரி எல்லோரும் பார்க்க மாட்டினார். குரல் நடுங்கவில்லை.

"இது ரேடியோ இல்லங்கய்யா. எனக்குக் காது கேக்காது. இதப் போட்டா கேக்கும். கேக்குதா இல்லையான்னு நீங்களே பரிச்சை வச்சுப் பாத்துருங்க."

தாளாளர், "பாத்தீங்களா, அவுகளே சொல்லிட்டாக" என்றார். அலுவலர் அவரைக் கையமர்த்தினார். நல்ல மனிதர். டீச்சரைக் கரும்பலகையைப் பார்த்து நிற்கச் சொன்னார். உதட்டைப் பார்க்க வழியில்லை. தான் கூடத்தின் கடைசிக்குப் போய் நின்றுகொண்டு, தான் சொல்வதையெல்லாம் பலகையில் எழுதும்படி சொல்லிவிட்டு, பாடப் புத்தகத்திலிருந்து வாசித்தார். பெட்டிக்கு மேல் துணி உரசவில்லை என்பதால் அன்றுதான் அதற்குச் சரியாகக் கேட்டிருக்கிறது. ஒரு வரி எழுதினார். இரண்டாவது வரி எழுதினார். பையன்களை ஆளுக்கு ஒரு வாய்ப்பாடு மெதுவாகச் சொல்லச் சொன்னார் அலுவலர். "மாரிமுத்து, எட்டேழு அம்பத்தாறு. திருத்திச் சொல்லு" என்று திரும்பாமலே சொன்னார் டீச்சர். குரலை வைத்து ஆளையும் சொன்னார்.

அலுவலர் புத்தகத்தை மூடிவிட்டு, பக்கத்தில் நின்ற தலைமையாசிரியரின் காதோரம் குனிந்து ஏதோ சொன்னார். தட்டியோரம் நின்ற எனக்கு அது விழவில்லை. கரும்பலகையில் மூன்றாவது வரி எழுந்தது: "டீ வந்துச்சா?"

நான்காம் வகுப்பு எழுந்து நின்று கூத்தாடியது. மூன்றாம் வகுப்புக்கும் தொற்றிக்கொண்டது. வாய்விட்டுச் சிரித்த அலுவலர், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். "நானும் இதப் போட்டாத்தான்யா ஒங்க மூஞ்சியப் பாக்க முடியும். என்னையும் வீட்டுக்கு அனுப்பிருவீகளா?" என்று தாளாளரைக் கேட்டார். பார்வைப் புத்தகத்தில், ஆசிரியையின் வகுப்பு திருப்தி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷம் என் பிள்ளைகள் வேலைக்குப் போன நாட்களில்கூட இருந்ததில்லை.

மாலையில் பஸ்ஸில் கண்டக்டர் ஸ்கோர் கேட்டார். "ஸ்கோரெல்லாம் தெரியாதுப்பா. எனக்குக் காது கேக்காது. இது காது மிசின்" என்று பஸ் முழுக்கக் கேட்கும்படி சொன்னார் டீச்சர். பின்சீட்டிலிருந்து வெள்ளாமை பார்க்கிற ஒரு சம்சாரி எழுந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு எங்களிடம் வந்தார். "எம் பொஞ்சாதிக்கு அஞ்சு வருஷமாக் கேக்கல. அத எங்கன வாங்குனீக டீச்சர்?" என்றார். அந்தக் கோடையில் அந்த அம்மாவையும், நரிக்குடிப் பக்கத்திலிருந்து தேடி வந்த இரண்டு பேரையும் டீச்சரே மதுரைக்குக் கூட்டிப்போனார். பெட்டியை அதன் பிறகு ஒருநாளும் உள்ளே செருகவில்லை. தொண்ணூறுகளின் கடைசியில், முழு வயதும் முடித்து, முழு பென்ஷனோடு, மாலையும் கழுத்துமாக ஓய்வு பெற்றார். வாழ்த்திப் பேச வந்த தாளாளரிடம் "கொஞ்சம் சத்தமாப் பேசுங்கய்யா, பின்னாடி உள்ளவுகளுக்கும் கேக்கட்டும்" என்றார்.

அடக்க ஆராதனையில் நான் கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். போதகர் டீச்சரின் வாழ்க்கைக் குறிப்பை வாசித்துக்கொண்டிருந்தார். அன்று வரை உங்களில் யாருக்கும் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். இரண்டு வருடமாக எனக்கும் காது சரியாகக் கேட்பதில்லை. போனைக் காதோடு அழுத்திக்கொண்டால் கேட்கும், தள்ளி நின்று பேசினால் விழாது. தலையை ஆட்டியும் சிரித்தும் சமாளித்துக்கொண்டிருந்தேன். பெற்ற மகனிடம்கூடச் சொல்லவில்லை. அன்று டீச்சரைப் பற்றிச் சொன்னதில் ஒரு வார்த்தையும் எனக்கு விழவில்லை. அவரைப் பற்றிய பேச்சையும் தலையாட்டிக் கேட்டேன் என்றால் நான் மனுஷியா?

எழுந்து நின்றேன். "ஐயா, எனக்குக் காது கேக்கல. முதல்ல இருந்து சொல்லுங்க" என்றேன். என் குரல் எவ்வளவு பெரிதாக வந்தது என்று எனக்கே தெரியாது. அத்தனை தலையும் திரும்பியது. போதகர் மைக்கைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். ஜெனிதா வந்து கையைப் பிடித்து என்னை முன்பெஞ்சுக்குக் கூட்டிப்போனாள்.

பாக்கியம் டீச்சரிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டது, எனக்குக் காது கேட்காது என்ற அந்த ஒரு வாக்கியம்தான். வெள்ளிக்கிழமை மதுரைக்குப் போகிறேன். வெளியே தெரியாத மாதிரி சின்னதாக இருக்கிறது, காட்டட்டுமா என்று கடையில் கேட்பார்கள். தெரிகிற மாதிரியே கொடுங்கள் என்று சொல்லப் போகிறேன்.