கை விழுந்த தபலாக்காரர்

அந்தக் கண்டக்டர் தன் தோல்பையின் மேல் விரல்களால் தட்டிக்கொண்டே வந்தார். கீழ்பென்னாத்தூரிலிருந்து திருவண்ணாமலைக்கு வரும் தனியார் பஸ் அது. எங்கள் மாவட்டம் பிரிந்த புதுசு. நான் ஒரு கட்டு இரும்புப் பட்டையைப் பின்பக்கம் போட்டுவிட்டு அதற்குக் காவலாக நின்றிருந்தேன். பையில் சில்லறை குலுங்க அவர் தட்டியது சினிமாப் பாட்டுக்குத் தட்டுகிற தட்டு இல்லை. பதினாறு எண்ணிக்கை. ஒன்பதாவதில் கை லேசாகி, சுற்றி வந்து மறுபடி ஒன்றில் கனமாக விழுந்தது. பம்பாயை விட்டு வந்த பிறகு நான் அந்தத் தாளத்தைக் கேட்டதே இல்லை. “எங்க கத்துக்கினீங்க?” என்று கேட்டேன். “மொதல்ல லக்கேஜுக்கு டிக்கெட் எடுங்க, அப்பறம் சொல்றேன்” என்றார். எடுத்தேன். “சோலாப்பூர் மில்லுல இருந்தேன். அங்க பஜனைக் கோஷ்டியில தபலா வாசிச்சேன்” என்றார். எனக்கு அந்த இடத்திலேயே கண் கலங்கிவிட்டது.

நான் மூன்றாம் வகுப்புக்கு மேல் பள்ளிக்கூடம் பார்க்காதவன். பதினாலு வயசில் பம்பாய்க்கு ரயிலேறி, லேத் பட்டறையில் தரை கூட்டி, வெல்டிங் கற்று, ஊர் திரும்பிச் சொந்தப் பட்டறை போட்டேன். ஒருத்தர் சிபாரிசும் கிடையாது. வேங்கிக்காலில் புதிதாக எழும்பிய வீடுகளில் பாதிக்கு ஜன்னல் கம்பியும் கேட்டும் அடித்தவன் நான்தான். இன்றைக்கும் போய் ஆட்டிப் பாருங்கள், ஒன்று ஆடாது. பம்பாயிலிருந்து நான் கொண்டுவந்தது இரண்டு: ஒன்று தொழில், இன்னொன்று புல்புல்தாரா. நீளப் பலகையில் கம்பி கட்டி, மேலே டைப் மெஷின் போலப் பொத்தான் வைத்த வாத்தியம். இடது கை பொத்தானை அழுத்த, வலது கை கம்பியை மீட்டும். இந்துஸ்தானி ராகங்களைக் காதாலேயே பிடித்து அதில் வாசிப்பேன். நன்றாகவே வாசிப்பேன், அதில் எனக்குச் சந்தேகம் இருந்ததில்லை.

ஆனால் கூட வாசிக்க இந்த ஊரில் யார் இருந்தார்கள்? கோயில் பக்கம் நாதஸ்வரம், தவில். மிருதங்கக்காரர் ஒருவரை வற்புறுத்திக் கூட்டிவந்தேன். பத்து நிமிஷம் வாசித்துவிட்டு, “உங்க வழி வேற, என் வழி வேறங்க” என்று கும்பிட்டுப் போனார். கல்யாணங்களில் வாசிக்கும் ஆர்கெஸ்ட்ராக்காரனோ பட்டறை வாசலில் வண்டியை நிறுத்தி, “இன்னா மேஸ்திரி, லெட்டர் டைப் அடிச்சு முடிச்சாச்சா?” என்று கத்திவிட்டுப் போவான். பட்டறை ஆட்கள் சிரிப்பார்கள். சுவரைப் பார்த்து வாசித்தே எத்தனையோ வருஷம் போனது.

கண்டக்டர் வந்த பிறகு ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்கள் வேறாகிவிட்டன. பௌர்ணமிக் கூட்டம் இருந்தால் பஸ்ஸை விட்டு வர முடியாது. மற்ற வாரங்களில் தவறமாட்டார். வலது கைக்குத் தபலா, இடது கைக்கு டக்கா, இரண்டையும் ஒரு பழைய போர்வையில் சுற்றி, டிரைவர் சீட்டுக்குப் பின்னால் வைத்துக் கொண்டுவருவார். அவர் வாசிப்பு என் வாசிப்பைவிட ஒரு படி மேலே இருந்தது. இதை அவரிடம் நான் ஒரு நாளும் சொன்னதில்லை. “கண்டக்டரே, கொஞ்சம் அடக்கி வாசிங்க” என்றுதான் சொல்வேன். அவருக்கு ஒரே ஆசை. “ஒரே ஒரு தடவ பெரியவங்களோட மேடையில ஒக்காந்துட்டா போதும்ணா. அப்பறம் ஆயுசு பூரா டிக்கெட் கிழிக்கிறேன்” என்பார்.

அப்படிப்பட்ட பெரியவர் ஒருவர் ஒரு நாள் என் பட்டறைக்கே வந்தார். பெங்களூரிலிருந்து வந்த சிதார் வித்வான். கிரிவலப் பாதையில் ஒரு மண்டபத்தில் அன்று சாயங்காலம் அவருக்குக் கச்சேரி. கூட வந்த தபலாக்காரருக்குக் காய்ச்சல். டீக்கடையில் விசாரித்ததில், இந்தப் பட்டறையில் ஞாயிற்றுக்கிழமைகளில் தபலா கேட்கும் என்று சொல்லியிருக்கிறார்கள். நாற்காலியைத் துடைத்துப் போட்டேன். காப்பி வரவழைத்தேன். என் புல்புல்தாராவைத் துணி விலக்கிக் காட்டினேன். அவர் அதைப் பார்த்து, ஒரு பொம்மையைப் பார்க்கிற மாதிரி சிரித்தார். வாசிக்கச் சொல்லவில்லை. “தபலா வாசிக்கிறவர் எங்க இருப்பார்? இன்னும் மூணு ஊர்ல கச்சேரி இருக்கு. கை நல்லா இருந்தா என்னோடவே வெச்சுக்குவேன்” என்றார்.

கண்டக்டரின் பஸ் வர இன்னும் முக்கால் மணி நேரம்தான். என் பட்டறையிலிருந்து பஸ் ஸ்டாண்டு கூப்பிடுகிற தூரம். நான் சொன்னேன்: “அவரு இப்ப வாசிக்கிறதில்லீங்க. கை விழுந்துடுச்சு.”

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இத்தனை வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அந்தச் சிரிப்பு சுட்டது ஒரு காரணம். கண்டக்டர் அவரோடு போய்விட்டால் நான் மறுபடி சுவரைப் பார்த்து வாசிக்க வேண்டும் என்ற பயம் அதைவிடப் பெரிய காரணம். ஊரில் இல்லை என்று சொல்லியிருக்கலாம். பெயர் தெரியாது என்றிருக்கலாம். உழைத்துச் சாப்பிடுகிற ஒரு மனிதனின் கையைப் பற்றி அப்படியொரு வார்த்தை என் வாயிலிருந்து வந்தது. வித்வான் “அடடா” என்று காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

சாயங்காலம் கச்சேரிக்குப் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். தாளம் இல்லாமல் ஆலாபனை மட்டும் வாசித்தார். நடுவில் மைக்கைப் பக்கத்தில் இழுத்து, “இந்த ஊர்ல ஒரு தபலாக்காரருக்குக் கை விழுந்துடுச்சுன்னு கேள்விப்பட்டேன். அடுத்த ராகம் அவர் குணமாகணும்னு” என்றார். மண்டபத்தில் இருந்த அத்தனை பேரும் கண்ணை மூடினார்கள். நானும் மூடினேன்.

செய்தி பயணிகள் வாய் வழியாகக் கண்டக்டர் காதுக்குப் போனது. அந்த ஞாயிற்றுக்கிழமை போர்வையைக்கூடப் பிரிக்காமல் பேசினார். “பெரிய வித்வான் வந்திருக்காரு, நமக்குத் தெரியாமப் போச்சேண்ணா. தெரிஞ்சிருந்தா கால்ல விழுந்தாவது ஒக்காந்திருப்பேன். நீங்க போனீங்களா?” இல்லை என்றேன். “போவட்டும் விடுங்க. வேற ஒண்ணு கேட்டீங்களா? நம்ம ஊர்ல இன்னொரு தபலாக்காரரு இருந்திருக்காரு! பாவம், கை விழுந்துடுச்சாம். விழுந்தா இன்னா, ஒக்காந்து கேப்பாரில்ல? தப்பா வாசிச்சா சொல்லுவாரில்ல? வாங்க, தேடிப் பாக்கலாம்.”

தேடினோம். என் மொபெட்டில் அவரைப் பின்னால் உட்காரவைத்து நானே ஓட்டினேன். சன்னதித் தெரு, மசூதிப் பக்கம், பேண்டு செட் கடைகள், ஒன்று விடவில்லை. “தபலா வாசிச்சவரு, கை வராம இருக்காரு, பாத்தீங்களா?” என்று அவர் வீடு வீடாகக் கேட்பார், நான் வண்டியைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். ஒரு சந்தில் வாதம் வந்து கை மடங்கின பெரியவர் ஒருவர் கிடைத்தார். கண்டக்டர் ஓடிப்போய், “ஐயா, தபலாவுங்களா?” என்றார். “நான் ஜாக்கெட் தெச்சவன்பா. பொண்டாட்டிகிட்ட முதுகுல தபலா வாங்குனவன் வேணா நான்தான்” என்றார் அவர். கண்டக்டர் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஒவ்வொரு முறையும் நோயாளிக்கென்று சாத்துக்குடி வாங்கி வருவார். ஆள் கிடைக்காமல் திரும்பும்போது பையை என் கையில் திணித்து, “நம்ம வீட்ல சாப்புடட்டும்ணா” என்பார். என் வீட்டில் உரித்துச் சாப்பிட்டோம்.

சொல்லிவிடலாம் என்று எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை வாயைத் திறந்தேன். சொன்னால் அவர் எழுந்து போய்விடுவார். அப்புறம் யார் இருக்கிறார்கள்? எதற்காகப் பொய் சொன்னேனோ அதற்காகவே அதைக் காப்பாற்றினேன். இன்னும் பல வருஷம் நன்றாகவே வாசித்தோம். அந்த மாதிரி நல்ல வாசிப்பு அதன் பிறகு எனக்கு வாய்க்கவில்லை.

இரண்டாயிரத்துக்குப் பிறகு அவருக்கு முட்டிவலி ஜாஸ்தியாகி, பஸ்ஸை விட்டுவிட்டு ஓசூரில் இருக்கும் மகன் வீட்டுக்கே போனார். கிளம்புகிற அன்று போர்வை மூட்டையோடு பட்டறைக்கு வந்தார். தபலாவைத் தன் பைக்குள் வைத்துக்கொண்டு, டக்காவை மட்டும் என் பக்கம் நகர்த்தினார். “இது இங்கயே இருக்கட்டும்ணா. அந்த மனுஷன் கெடச்சா குடுங்க. எந்தக் கை விழுந்துச்சுன்னு ஒருத்தரும் சொல்லல. எடது கை நல்லா இருந்தா இத வெச்சு அவரு பாதியாவது வாசிக்கலாம். சும்மா ஒக்காந்திருக்கிறது எவ்வளவு கஷ்டம்?”

“ரெண்டும் சேந்தாதானே கண்டக்டரே வாசிப்பு? உங்களுக்கு?”

“அங்க எனக்கு யாருண்ணா இருக்காங்க கூட வாசிக்க?”

வாங்கிக்கொண்டேன். இரும்பை வளைத்தே முன்னுக்கு வந்த ஆள் என்று ஊர் முழுக்கப் பேசித் திரிகிறவன், இரண்டு கையையும் நீட்டி அதை வாங்கிக்கொண்டேன். ஓசூர் ஒன்றும் பம்பாய் இல்லை. பஸ் ஏறினால் மத்தியானச் சாப்பாட்டுக்குப் போய்விடலாம். டக்காவைத் தூக்கிக்கொண்டு மூன்று தடவை பஸ் ஸ்டாண்டு வரை போயிருக்கிறேன். திருப்பிக் கொடுத்தால் ஏன் என்று கேட்பார். ஏறாமல் திரும்பி வந்தேன்.

போன மாதம் போன் செய்தார். “வாசிக்கிறீங்களா கண்டக்டரே?” என்று கேட்டேன். “எங்கண்ணா! ஒத்தக் கையால தட்டிக்கினு இருக்கேன்” என்று சிரித்தார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, “அவரு கெடச்சாரா?” என்றார்.

“தேடிக்கினு இருக்கேன்” என்றேன்.