தானாக வந்த பை

இரண்டு மாதமாக ஆன்லைனில் நான் தைத்து விற்கிற பைக்கு ஆர்டரே வரவில்லை. காரணம் இன்று காலை ஸ்ரீரங்கத்திலிருந்து சத்திரம் பஸ் ஸ்டாண்டு போகிற பஸ்ஸில் பக்கத்து சீட்டுத் தம்பியின் மடியில் இருந்தது.

அதே பை. அம்மா மண்டபம் படித்துறையில் காவிரியில் குளித்துவிட்டுக் கோயிலுக்குப் போகிறவர்களுக்காக நான் யோசித்தது. ஈரத்துணிக்கு ரெக்சின் வைத்த அடி அறை, பிரசாதத்துக்கு மேல் அறை, ஓரத்தில் நாமம் போடுகிற திருமண் பெட்டிக்கு ஒரு சின்ன உறை. மேலே இருந்த பெயர் மட்டும், நான் சரக்கு விற்கிற அதே வெப்சைட்டின் பெயர். விலை என்னுடையதில் பாதியாம்.

அந்தத் தம்பிக்கு ஐ.டி. வேலை. "இது நான் கண்டுபிடிச்ச பை தம்பி" என்றேன்.

"இப்பல்லாம் யாரும் கண்டுபிடிக்கிறதில்ல அங்கிள். எது விக்குதுன்னு அல்காரிதம் பாக்கும். நல்ல டிசைன் நிக்கும், மத்தது அழியும். பரிணாமம் மாதிரி. தானா வரும்."

"சரிங்க, இந்தச் சின்ன உறை எதுக்கு?"

"இயர்போன் வைக்க. அவங்க பேஜ்லயே போட்டிருக்கே."

முன்பு ஒரு நாள் கோயில் வாசலில் ஒரு மாமா, ஈர வேட்டி பட்டு ஊறிப்போன புளியோதரையைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். அன்றைக்கு வந்த யோசனை இது. அவரை எந்த அல்காரிதம் பார்த்ததாம்?

இப்போது அரியமங்கலத்தில் என் தையல் ஷெட்டில் உட்கார்ந்திருக்கிறேன். எதிரே நாலு அக்காக்கள் தைத்துக்கொண்டிருக்கிறார்கள். அடுத்த வாரத்திலிருந்து வேலைக்கு வரவேண்டாம் என்று சொல்லியாக வேண்டும். அது மட்டும் தானாக வராது போல, நான்தான் சொல்லணும்.

எப்படி ஆரம்பிக்கிறதுன்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க.