கோழி விழுங்கிய புல்

பக்கத்து வீட்டுக்காரர் சிரித்த சிரிப்புக்காகத்தான் அதைச் செய்தேன். கோழிக்காகத்தான் என்று ரொம்ப நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அது முழு உண்மையில்லை.

பெங்களூர் விவேக் நகரில், சர்ச்சிலிருந்து நடந்தால் ஐந்து நிமிடத்தில் வந்துவிடக்கூடிய ஒரு சந்தில் எங்கள் வீடு. முன்பக்கம் ஸ்கூட்டர் நிறுத்தக்கூட இடம் கிடையாது. பின்பக்கம் ஒரு பப்பாளி மரமும் துணி துவைக்கிற கல்லும் கோழிக்கூடு வைக்கும் அளவுக்கு மண்தரையும் உண்டு. நான் பிரைமரி ஸ்கூல் டீச்சர். கணவருக்கு பொம்மசந்திராவில் வேலை; காலை ஆறரைக்கு கம்பெனி பஸ் பிடிக்க ஓடுவார், இருட்டிய பிறகுதான் வருவார். பிள்ளைகள் இல்லை. கோழி இருந்தது. இரண்டு வாங்கினோம், ஒன்றைப் பூனை தூக்கிக்கொண்டு போனது. மிஞ்சிய பழுப்பு நிறக் கோழி தினம் ஒரு முட்டை இடும். இட்டதும் சந்துக்கே கேட்கிற மாதிரி கத்தும். நான் ஸ்கூலிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டாலே பின்கதவில் வந்து நிற்கும்.

எங்கள் கொல்லைக்கும் பக்கத்து வீட்டுக் கொல்லைக்கும் நடுவில் நெஞ்சளவு உயரத்தில் ஒரு சுவர். அந்த வீட்டுக்காரர் துபாயில் பல வருடம் இருந்துவிட்டு வந்தவர். போன வருடம் மழைக்காலம் முடிந்ததும் கொல்லையை மட்டமாக்கி, சுருள் சுருளாக பிளாஸ்டிக் புல் கொண்டுவந்து விரித்தார். ஓரங்களில் மிஞ்சிய துண்டுகளை வெட்டியவர்கள் சுவருக்கு இந்தப் பக்கம், என் கொல்லையில் வீசிவிட்டுப் போனார்கள்.

அன்று மாலையே சுவர் பக்கம் போய்க் கூப்பிட்டேன். "அண்ணா, உங்க புல்லு துண்டெல்லாம் எங்க பக்கம் கெடக்கு. கோழி கொத்துது. கொஞ்சம் எடுக்கச் சொல்லுங்க."

"நாளைக்கு ஆள் வருவான் டீச்சர், எடுத்துடுவான்" என்றார்.

ஆள் வரவில்லை. இரண்டு நாள் கழித்து மறுபடியும் கேட்டேன். "கோழிக்கு நிஜப் புல்லு எது, பிளாஸ்டிக் எதுன்னு தெரியாதா? அதெல்லாம் துப்பிடும்" என்று சொல்லி, புல்லுக்குத் தண்ணீர் அடிக்க ஆரம்பித்தார். பிளாஸ்டிக் புல்லுக்குத் தண்ணீர்! தூசி போக என்று நினைக்கிறேன். நானே குனிந்து பொறுக்கினேன். பெரிய துண்டுகள் கையில் வந்தன. உதிர்ந்த நூல்கள் மண்ணோடு கலந்துவிட்டிருந்தன.

ஒரு வாரம் கழித்துக் கோழி முட்டை இடவில்லை. மறுநாள் தீனியைக் கொத்துகிற மாதிரி பாவனை செய்தது, விழுங்கவில்லை. கழுத்தை ஒரு மாதிரி நெளித்து நெளித்து நீட்டியது. தூக்கிப் பார்த்தேன். கோழிக்கு நெஞ்சின் மேல்பக்கம் தீனிப்பை இருக்கிறது; தின்றதெல்லாம் முதலில் அங்கேதான் சேரும். சாயங்காலம் அடையும்போது அது நிறைந்து புடைத்திருக்கும், விடிந்ததும் காலியாகியிருக்கும். இது விடிகாலை. பை எலுமிச்சம்பழத்தைவிடப் பெரிதாக, கல் மாதிரி இருந்தது. அலகைத் திறந்தேன். மூன்று நாள் வெளியே வைத்த தோசை மாவின் நாற்றம்.

ஸ்கூலில் கூட வேலை செய்கிற ஒருத்தியின் அப்பா கோழி வளர்த்தவர். அவளிடம் போனில் கேட்டேன்; எண்ணெயில் கரையாவிட்டால் ஆபரேஷன்தான் என்றாள். தீனியை நிறுத்தினேன். சொட்டுச் சொட்டாக நல்லெண்ணெய் விட்டு, மடியில் வைத்துக்கொண்டு பையை மெதுவாகப் பிடித்துவிட்டேன். விரலுக்கடியில் கயிற்றுப் பந்து போல ஏதோ உருண்டதே தவிர, கரையவில்லை. கோழி கத்தவில்லை. கண்ணை மூடிக்கொண்டு என் கையில் தலையைச் சாய்த்தது. அதுதான் எனக்குப் பயத்தைக் கொடுத்தது. நோயில்லாத கோழி மடியில் அப்படி உட்காராது.

இரண்டாம் நாள் காலை ஹெட்மிஸ்ட்ரஸுக்குப் போன் செய்து, "வீட்ல ஒருத்தருக்கு ஆபரேஷன் இருக்கும் போல மேடம்" என்று லீவு சொன்னேன். கோழியை ஒரு காய்கறிக் கூடையில் வைத்து, மேலே துண்டு போட்டு, ஆட்டோ பிடித்து மாட்டாஸ்பத்திரிக்குப் போனேன். நாய்க்காரர்கள் எல்லோரும் என்னையே பார்த்தார்கள். டாக்டர் சின்ன வயதுப் பெண். தமிழ் புரியும், பதில் கன்னடத்தில் கலந்து வரும். பையை அழுத்திப் பார்த்துவிட்டு, "ஒளகடே ஏனோ இதே அம்மா. உள்ள ஏதோ அடைச்சிருக்கு. கட் பண்ணித்தான் எடுக்கணும். உசுரு போனாலும் போகலாம், ஒத்துக்கிறீங்களா?" என்றார்.

ஒத்துக்கொண்டேன். வெளியே இருக்கச் சொன்னார்கள், இருக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். நெஞ்சில் இறகைப் பிடுங்கி, மரத்துப்போக ஊசி போட்டு, தோலை ஒரு விரல் நீளத்துக்கு வெட்டினார்கள். அதற்கடியில் பையை வெட்டினார்கள். டாக்டர் இடுக்கியால் இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது. பச்சைப் பச்சையாக நூல்கள். ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டு, பாத்திரம் தேய்க்கிற நார் மாதிரி ஒரு உருண்டை. நடுவில் ஊறிய சோளம் நாலைந்து.

"இது என்னம்மா, புல்லா?" என்று டாக்டர் கேட்டார்.

"பக்கத்து வீட்டுப் புல்லு" என்றேன்.

பையைக் கழுவித் தனியாகத் தைத்தார்கள், தோலைத் தனியாகத் தைத்தார்கள். தயிரில் நனைத்த ரொட்டியை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கச் சொல்லி அனுப்பினார்கள். அந்த உருண்டையை ஒரு பிளாஸ்டிக் கவரில் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து கோழியை உள்ளறையில் படுக்கவைத்துவிட்டு நேரே சுவருக்குப் போனேன். அவர் தன் புல்தரையில் நாற்காலி போட்டுக் காபி குடித்துக்கொண்டிருந்தார். கவரைத் திறந்து காட்டினேன்.

"அண்ணா, இது உங்க புல்லு. எங்க கோழி வயித்தக் கிழிச்சு எடுத்தது."

எட்டிப் பார்த்தார். ஒரு மன்னிப்பு கேட்டிருந்தால், அல்லது அடடா என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், நான் வீட்டுக்குள் போயிருப்பேன்.

"கோழிக்கு ஆபரேஷனா?" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். தொடையில் தட்டிச் சிரித்தார். "அடிச்சுக் குழம்பு வச்சிருந்தா இந்நேரம் எனக்கும் ஒரு கிண்ணம் வந்திருக்குமே டீச்சர்!"

நானும் லேசாகச் சிரித்து வைத்தேன் என்பதை இன்றும் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

அந்த வாரம் முழுக்க, கோழிக்கு ரொட்டி ஊட்டும்போதும் காயத்துக்கு மருந்து போடும்போதும் அவரை என்ன செய்யலாம் என்றே யோசித்தேன். வெல்லப்பாகு ஊற்றி எறும்பு வரவைக்கலாம். கத்தரிக்கோலால் வெட்டலாம். எல்லாமே என்னைக் காட்டிக்கொடுத்துவிடும். ஒரு நாள் மொட்டைமாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது, எதிர் அபார்ட்மென்டின் ஜன்னல் ஜன்னலாக உட்கார்ந்திருந்த புறாக்களைப் பார்த்தேன். பெங்களூரில் புறாவுக்குப் பஞ்சமே கிடையாது. கூப்பிட ஆள்தான் வேண்டும்.

கம்பு வாங்கினேன். சோளம் பெரிசு, பச்சைத் தரையில் பளிச்சென்று தெரியும். கம்பு பொடிசு, பிளாஸ்டிக் இழைகளுக்கு நடுவில் இறங்கிவிடும். கணவர் பஸ்ஸுக்குப் போனதும், துவைக்கிற கல்மேல் ஏறி நின்று, சுவருக்கு மேலே ஒரு பிடி வீசினேன். முதல் நாள் இரண்டு புறாக்கள் வந்தன. மூன்றாம் நாள் பத்துப் பன்னிரண்டு. இரண்டு வாரத்தில் எண்ண முடியவில்லை. அடியில் இறங்கிய தானியத்தைத் தேடி நாளெல்லாம் கொத்தின. கொத்திய இடமெல்லாம் எச்சம். பச்சைத் தரை வெள்ளையும் சாம்பலுமாக ஆனது.

அவர் முதலில் கைதட்டி விரட்டினார். பிறகு பழைய சிடிக்களைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டார். பிறகு ஒரு பிளாஸ்டிக் கழுகு வாங்கி நாற்காலியில் நிறுத்தினார். அதன் தலைமேலேயே ஒரு புறா உட்கார்ந்து இறகு கோதியதை நான் சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்தேன். அன்று எனக்கு மத்தியானச் சாப்பாடு இரண்டு மடங்கு இறங்கியது.

ஒரு நாள் அவரே சுவர் பக்கம் வந்து, "எங்கிருந்துதான் வருதோ தெரியல டீச்சர்! உங்க கோழித் தீனிய மோப்பம் புடிச்சு வருதா?" என்று கேட்டார்.

"எங்க கோழி இப்ப ரொட்டிதான் சாப்பிடுது அண்ணா. ஆபரேஷன் ஆச்சுல்ல" என்றேன். அதைச் சொல்வதற்காகவே எத்தனை நாள் காத்திருந்தேனோ!

கிறிஸ்துமஸுக்கு முந்தைய அட்வென்ட் காலத்தில் அன்பியக் கூட்டம் அவர்கள் வீட்டில் நடக்க வேண்டிய முறை வந்தது. எங்கள் சந்தின் குடும்பங்கள் மாதம் ஒரு வீட்டில் கூடி ஜெபிப்போம். அந்த முறை புல்தரையில் என்று அவர் முன்பே எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லியிருந்தார். அன்று காலை அவர் மனைவி என்னைக் கூப்பிட்டாள். என்னைவிட ஏழெட்டு வயது சின்னவள், அதிகம் பேசாதவள். "அக்கா, ஒரு கை குடுக்கறீங்களா? தேய்க்கணும். அவரு சேர் எடுக்கப் போயிருக்காரு."

மறுக்க முடியவில்லை. இரண்டு பேரும் முட்டிபோட்டு, பிரஷ்ஷும் சோப்புத் தண்ணீருமாகத் தேய்த்தோம். எச்சம் இழைகளுக்குள் காய்ந்து இறுகியிருந்தது. என் வேலைக்கு நானே கூலியில்லாமல் உழைக்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன். கொஞ்ச நேரம் கழித்து அவள் தலை நிமிராமலே கேட்டாள்.

"கம்புதானேக்கா?"

"எது?"

"நீங்க போடறது. மொத நாளே பாத்தேன். பாத்ரூம் ஜன்னல்லேர்ந்து நீங்க கல்லு மேல நிக்கறது தெரியும்."

எனக்குக் கை நின்றுவிட்டது. "நிறுத்திடறேன்மா. கோபத்துல…"

"எதுக்கு நிறுத்தறீங்க?" என்றாள். பிரஷ்ஷைத் தண்ணீரில் முக்கினாள். "இங்க என்னோட மல்லி, கறிவேப்பிலை, ரெண்டு ரோஜா இருந்திச்சு, ஞாபகம் இருக்கா? அம்மாவுக்கு உடம்பு சரியில்லன்னு நாலு நாள் அத்திபெலே போயிருந்தேன். வந்து பாக்கறேன், எல்லாத்தையும் புடுங்கிட்டு இத விரிச்சு வச்சிருக்காரு. சர்ப்ரைஸாம்."

பிறகு, ரொம்பச் சாதாரணமாக, "ஞாயித்துக்கிழம மட்டும் போட வேணாம்க்கா. அன்னிக்கு அவரு காலைல வெளிய நிப்பாரு. மத்த நாள் போடுங்க" என்றாள்.

அன்று மாலை ஜெபமாலை பாதியில் இருக்கும்போதே புறாக்கள் வந்துவிட்டன. ஒரு பெரியவரின் வெள்ளைச் சட்டையில் எச்சம் விழுந்தது. கூட்டம் நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனது. அவர் எல்லோரிடமும் மன்னிப்பு கேட்டுக்கொண்டே நடந்தார். என்னிடமும் கேட்டார். "பரவால்ல அண்ணா" என்று சொன்னேன். மனசுக்குள் அப்படி ஒரு குளிர்ச்சி. ஜெபத்துக்கு வந்த இடத்தில் இப்படியா என்று ஒரு நிமிடம் தோன்றியது. ஒரு நிமிடம்தான்.

கிறிஸ்துமஸ் கழிந்ததும் புல்லைச் சுருட்டி ஒரு டெம்போவில் ஏற்றி அனுப்பினார். இரண்டு நாள் வெறும் மண் கிடந்தது. அவள் ஒரு சின்னக் கரண்டியால் ஓரத்தில் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். எங்கிருந்தோ ஒரு மல்லிக் கொம்பு கொண்டுவந்து தண்ணீரில் போட்டுவைத்திருந்தாள். மூன்றாம் நாள் சிமென்ட் மூட்டை வந்து இறங்கியது. கொல்லை முழுக்கச் சுவரோடு சுவராக டைல்ஸ் ஒட்டிவிட்டார். டைல்ஸ்காரர்கள் கிளம்பிய பிறகு அவள் சுவரருகே வந்து, "அவ்ளோதான்க்கா" என்றாள். அந்த மல்லிக் கொம்பை என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனாள். என் பழி தீர்ந்தது. அவளுடையது தீரவில்லை.

கோழிக்குத் தையல் ஆறி இறகு முளைத்துவிட்டது. முட்டை இட இரண்டு மாதத்துக்கு மேல் ஆனது. இப்போதும் ஒருநாள் விட்டு ஒருநாள்தான். புறாக்கள் மட்டும் இன்னும் போகவில்லை. பக்கத்தில் ஒன்றும் கிடைக்காததால் என் பக்கம் இறங்கிக் கோழித் தீனியைத் தின்கின்றன. கூட்டுக்கு மேலே வலை கட்டியிருக்கிறேன்.

அவருக்கு இன்றுவரை தெரியாது. டைல்ஸ் போட்டதால்தான் புறா ஒழிந்தது என்று சந்தில் எல்லோருக்கும் யோசனை சொல்லிக்கொண்டிருக்கிறார். போன ஞாயிறு சர்ச் பூசையில் எனக்கு முன்வரிசையில் நின்றவர், ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லும் நேரத்தில் திரும்பி என்னைப் பார்த்துக் கைகூப்பினார். நானும் கூப்பினேன். சொல்லிவிடலாமா என்று வாய் துடித்தது. யார் செய்தது என்று தெரியாமலே அவர் பட்டது எனக்குப் பாதிதான் இனிக்கிறது. ஆனால் சொன்னால், ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டு பேசாமல் இருந்தவள் யார் என்பதும் வெளியே வரும். அந்த வீட்டில் அவரோடு இருப்பவள் அவள், நானில்லை. வாயை மூடிக்கொண்டு, நற்கருணை அப்பம் வாங்க வரிசையில் அவருக்குப் பின்னாலேயே நடந்தேன்.